வாங்காமல் விட்ட ஒத்தக்கடை அடுக்ககம்: வாடகையோடு ஒப்பிட்ட மதிப்புரை

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் சாலையிலிருந்து உட்புறமாகத் திரும்பும் இடத்தில், யானைமலை முழு நீளத்துக்கும் தெரியும்படி ஓர் அடுக்கக வளாகம் கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. அதிலுள்ள இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கும் எண்ணத்தோடு நானும் என் கணவரும் பார்வையிட்டு, ஆவணங்களைப் படித்து, கணக்குப் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். பில்டரின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மதுரையின் புறநகரில் இதே விலையில் விற்கப்படும் பல வீடுகளுக்கும் பொருந்துபவை. நாங்கள் இப்போது ஐயர் பங்களா பகுதியில் ஒரு தனி வீட்டின் மாடியில், மாதம் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது என்பதால், அடுக்ககத்தைத் தனியாக மதிப்பிடாமல் அந்த 14,000 ரூபாயோடு சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. குறை சொல்ல அதிகம் இல்லை. கூடத்திலிருந்து சமையலறை வரை காற்று நேராக ஊடுருவுகிறது. இரண்டு படுக்கையறைகளிலும் வெளிச்சுவரில் சன்னல் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் போதுமான இடம் விட்டிருக்கிறார்கள். குளியலறைத் தரையில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், தேங்காமல் வடிந்தது. கதவு நிலைகள் தேக்கு இல்லை என்றாலும் உறுதியானவை. லிஃப்டுக்கும் பொது விளக்குகளுக்கும் ஜெனரேட்டர் உண்டு. இந்த அளவுக்கு ஒழுங்கான வேலையைப் பார்த்த பிறகும் வாங்காமல் வந்தோம் என்றால், காரணம் செங்கல்லிலும் சிமெண்டிலும் இல்லை.

விற்பனைப் பரப்பு 1,020 சதுர அடி என்று சொல்லப்படுகிறது. ரெரா எனப்படும் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் செய்த பதிவில் காட்டப்பட்டுள்ள கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பு, 735 சதுர அடி. மீதமுள்ளவை வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் நம் பங்கு. சதுர அடிக்கு 4,600 ரூபாய் என்று விளம்பரத்தில் படிக்கும்போது மலிவாகத் தோன்றும் விலை, நமக்கென்று உள்ள தளத்தைக் கொண்டு வகுத்தால் 6,400 ரூபாய்க்கு அருகில் போகிறது. இது ஏமாற்று அல்ல. எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் இரண்டு வளாகங்களை ஒப்பிடும்போது, கார்ப்பெட் ஏரியாவைக் கொண்டு வகுத்த விலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டப்படும் எந்தத் திட்டமும் ரெராவில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீட்டின் அடிப்படை விலை 46 லட்சத்து 92 ஆயிரம். கார் நிறுத்துமிடத்துக்கு 2 லட்சம். மின் இணைப்பு, கழிவுநீர், ஜெனரேட்டர், பராமரிப்பு நிதி என்ற தலைப்புகளில் 1 லட்சத்து 60 ஆயிரம். ஆக 50 லட்சத்து 52 ஆயிரம். இதற்கு மேல் அரசுக்குக் கட்டவேண்டியவை தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்கக வீடுகளை, வளாகத்தின் மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத மனைப் பங்குக்கு ஒன்று, கட்டுமான ஒப்பந்தத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கிரயப் பத்திரமாகப் பதிகிறார்கள். முதல் விற்பனையில் மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமும் 2 சதவீதமும். எங்கள் வீட்டின் அடிப்படை விலைக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய்.

"மேடம் பேர்ல பதிஞ்சா ஒரு பர்சென்ட் குறையும்" என்று விற்பனைப் பிரதிநிதி உற்சாகமாகச் சொன்னார். 2025 ஏப்ரல் முதல் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் அது 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு மட்டுமே. 47 லட்சம் ரூபாய் வீட்டுக்கு அதைச் சொல்லி ஆசை காட்டுவதில் பொருளில்லை.

ஜிஎஸ்டி பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் இப்போது வாங்குவதா பொறுத்திருப்பதா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை அங்கேதான் கிடைத்தது. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விலை 45 லட்சத்துக்குள்ளும், பெருநகரம் அல்லாத ஊர்களில் கார்ப்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் அது 1 சதவீதம்தான். 735 சதுர அடி என்பது ஏறத்தாழ 68 சதுர மீட்டர். எனவே பரப்பில் தேறும் இந்த வீடு விலையில் தவறிவிடுகிறது. 50 லட்சத்து 52 ஆயிரத்துக்கு 5 சதவீதம் என்றால் 2 லட்சத்து 53 ஆயிரம். அதே வீட்டை, கட்டுமானம் முடிந்ததற்கான சான்றிதழ் வந்த பிறகு, முன்பணம் உட்பட ஒரு ரூபாயும் அதற்கு முன் கொடுக்காமல் வாங்கினால் ஜிஎஸ்டி அறவே கிடையாது. சான்றிதழுக்கு இன்னும் நான்கு மாதம் ஆகும் என்று அவர்களே சொன்னார்கள். அந்த நான்கு மாத வாடகையை எப்படியும் நாங்கள் கொடுத்தே தீரவேண்டும், ஏனெனில் இப்போது பணம் கட்டினாலும் சாவி அப்போதுதான் கிடைக்கும்.

இதைச் சொன்னபோது, அதற்குள் சதுர அடிக்கு 200 ரூபாய் கூடிவிடும் என்று பதில் வந்தது. அப்படியே கூடினாலும் 2 லட்சத்து 4 ஆயிரமும், அதற்குரிய பதிவுச் செலவு 12 ஆயிரமும்தான் அதிகமாகும், ஜிஎஸ்டியைவிடக் குறைவு. நான்கு மாதம் கழித்து நமக்குப் பிடித்த தளத்தில் பிடித்த திசையில் வீடு மிச்சமிருக்குமா என்பது ஒன்றே காத்திருப்பதிலுள்ள இடர். வளாகத்தில் கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் இன்னும் பல வீடுகள் விற்காமல் இருந்ததைப் பார்த்தால், அந்த இடரும் பெரிதல்ல என்றே தோன்றியது.

இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால், அலமாரிகள், சமையலறை மரவேலை, கம்பிக் கதவு, மின்விசிறி, வங்கிக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை என்று எல்லாம் சேர்ந்து 59 லட்சத்தைத் தொடுகிறது. வங்கி எவ்வளவு தரும்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. ஆகவே 40 லட்சம் கடன், 19 லட்சம் கைப்பணம். மீதியை நகைக்கடனிலும் தனிநபர் கடனிலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்ட யோசனையை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை. ஒரு தவணைக்கு மேல் இன்னொரு தவணையைச் சுமந்துகொண்டு குடியேறும் வீட்டில் நிம்மதியாக எப்படி உறங்குவது?

"வாடகையா கொடுக்கிற காசைத்தானே மேடம் தவணையா கட்டப்போறீங்க" என்பது விற்பனை அலுவலகத்தில் கேட்ட வாசகம். ஏறத்தாழ இதையே என் மாமனாரும் வேறுவிதமாகச் சொல்வார்: "ஏம்மா, மாசாமாசம் கொடுக்கிற வாடகை ஆத்துல கரைச்ச புளிதானே?" அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் அலுவலகக் கடனில் மனை வாங்கி, பத்தாண்டு கழித்துக் கட்டியவர்கள் எல்லோரும் முன்னுக்கு வந்தார்கள். ஆனால் கணக்கு இப்போது அப்படி இல்லை. 40 லட்சம் ரூபாயை 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 33,458 ரூபாய். அதில் முதல் மாதம் 26,667 ரூபாய் வட்டி. அசலில் கழிவது 6,791 ரூபாய் மட்டுமே. வாடகை திரும்பி வராது என்றால் வட்டியும் திரும்பி வராது. 20 ஆண்டு முடியும்போது, வாங்கிய ஒவ்வொரு லட்சத்துக்கும் இன்னொரு லட்சத்தை வட்டியாகக் கொடுத்து முடித்திருப்போம்.

எனவே 33,458 ரூபாய்த் தவணையை 14,000 ரூபாய் வாடகையோடு ஒப்பிடுவது தவறு. தவணையில் அசல் நம் சேமிப்பு; அதை விட்டுவிட வேண்டும். ஒப்பிட வேண்டியவை திரும்பி வராத செலவுகள். வட்டி 26,667 ரூபாய். கையிலுள்ள 19 லட்சத்தை வைப்புத்தொகையில் 6.5 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 10,000 ரூபாய். அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இரண்டரை ரூபாய் வீதம் 2,550 ரூபாய். மூன்றும் சேர்ந்து மாதம் 39,000 ரூபாய்க்கு மேல். வாடகையைக் கழித்தால் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சம். இந்த 3 லட்சத்தை வீட்டின் விலை உயர்வுதான் ஈடுகட்ட வேண்டும். அதாவது 50 லட்சம் ரூபாய் வீடு தொடக்கத்தில் ஆண்டுக்கு 6 சதவீதமாவது உயர வேண்டும். அதுவும் வரியாகவும் பதிவுச் செலவாகவும் போன 5 லட்சத்தைக் கணக்கில் கொள்ளாமல்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாடகை இப்படியே நிற்காது. ஆண்டுக்கு 5 சதவீதம் கூடினால் எட்டாண்டில் 20,700 ரூபாய் ஆகிவிடும். அதே எட்டாண்டில் கடன் நிலுவை 31 லட்சத்துக்குக் குறைந்து, மாத வட்டி 20,600 ரூபாய்க்கு இறங்கியிருக்கும். வட்டியை மட்டும் வாடகையோடு வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில்தான் இரண்டும் சந்திக்கின்றன. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் சொந்த வீட்டின் பக்கமே கணக்கு சாயும். ஆகவே எட்டுப் பத்தாண்டுகளுக்கு அதே வீட்டில் இருக்கப்போவது உறுதி என்றால் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் இருவரில் ஒருவருடைய வேலை இடமாற்றத்துக்கு உரியது. அந்த உறுதியை எங்களால் கொடுக்க முடியவில்லை.

வருமான வரிச் சலுகை இந்தக் கணக்கை மாற்றுமா என்றும் பார்த்தோம். பழைய முறையில் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது. வீட்டு வாடகைப் படிக்கான விலக்கும் பழைய முறையில் மட்டுமே உண்டு. புதிய முறைக்கு மாறிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கமும் சுழியம்.

வட்டி இன்னும் குறையட்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதமான ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட்டுள்ளன. 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏறியது. 2025இல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 ஆனது. இறங்கினால் ஏற்கெனவே கடன் வாங்கியவருக்கும் இறங்கும். ஏறினால் காத்திருந்து வாங்கியவருக்கும் ஏறும். 20 ஆண்டுக் கடனில் இப்படிப் பல ஏற்ற இறக்கங்கள் வரும். கவனிக்க வேண்டியது, வட்டி 9 சதவீதத்துக்குப் போனால் தவணையில் அதிகமாகும் இரண்டரை ஆயிரம் ரூபாயை நம் மாதச் சம்பளம் தாங்குமா என்பதுதான். வட்டி ஏறும்போது வங்கிகள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடும் பழக்கம் உண்டு. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதால், அதைக் கேட்டுப் பெற வேண்டும். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விலை உயர்வுக்கு அவர்கள் காட்டும் ஆதாரங்கள் எவை என்று பார்த்தால், கையேட்டின் முதல் பக்கத்திலேயே மெட்ரோ வருகிறது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீட்டப்பட்ட திட்டம் அது. 20 லட்சம் மக்கள்தொகை என்ற 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையின் வரையறையைக் காட்டி, 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. என்றாவது வரலாம், ஆனால் வராத இரயிலுக்கு இன்றைக்கே சதுர அடிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட நாளிலிருந்து திருமங்கலம் பக்கத்து மனை விளம்பரங்களில் எல்லாம் எய்ம்ஸ் பெயர் ஏறிவிட்டது. கட்டுமானம் தொடங்கவே ஐந்தாண்டு ஆனது. அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி மனை வாங்கியவர்கள் அத்தனை காலமும் வட்டி கட்டினார்கள். இதற்கு மாறாக, நத்தம் சாலை மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்துப் பயண நேரம் குறைந்ததை அன்றாடம் உணர்கிறோம். கண்ணெதிரே நிற்கும் வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். கையேட்டில் உள்ளதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பிரிபடாத மனைப் பங்கு. இந்த வீட்டுக்கு அது 460 சதுர அடி. ஒரு செண்டுக்குச் சற்று அதிகம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அங்கீகரிக்கப்பட்ட மனைக்கு எங்களிடம் சொல்லப்பட்ட விலை செண்டுக்கு எட்டரை லட்சம். 47 லட்சம் கொடுத்து வாங்கும் வீட்டில் மண்ணின் மதிப்பு 9 லட்சம் மட்டுமே. மற்றதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பழையதாகும் கட்டடம். ஆண்டுக்கு 6 சதவீதம் உயர வேண்டும் என்று மேலே கண்ட கணக்கை, மண்ணைவிடக் கட்டடம் நான்கு மடங்கு மதிப்புள்ள ஒரு சொத்து எப்படி நிறைவேற்றும் என்று எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த வாதம் பயன்படாது, ஏனெனில் அங்கே நடுத்தரக் குடும்பத்தால் மனை வாங்க முடியாது. மதுரையில் இன்னும் முடிகிறது. அதே வட்டாரத்தில் 3 செண்டு 25 லட்சத்து 50 ஆயிரம். அதில் 900 சதுர அடிக்குச் சதுர அடி 2,400 ரூபாய் வீதம் கட்டினால் 21 லட்சத்து 60 ஆயிரம். ஆக 47 லட்சம். மனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, மாற்றத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் என்பதையும், போர்வெல், சுற்றுச்சுவர், செப்டிக் டேங்க் ஆகியவற்றையும் சேர்த்தாலும், அடுக்ககத்துக்கு ஆகும் மொத்தச் செலவைத் தாண்டாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் இணையவழியில் சுயசான்று முறையில் அனுமதி கிடைப்பதால், வரைபட அனுமதிக்கு அலைய வேண்டியதும் குறைந்திருக்கிறது. இதில் உள்ள தொல்லை வேறு: கொத்தனார், ஆசாரி, மின்பணியாளர் என்று ஒவ்வொருவர் பின்னாலும் நிற்க ஆள் வேண்டும், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது எளிதல்ல. மனை மலிவாகக் கிடைக்கும் இடங்களில் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வந்திருக்காது. எனினும் அடுக்ககத்துக்குப் போட்டியாக நிற்பது வாடகை வீடு மட்டும் அல்ல என்பதை விற்பனை அலுவலகத்தில் எவரும் நினைவூட்ட மாட்டார்கள்.

மனை தேடுபவர்கள் அங்கீகாரத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழி உண்டு. அதற்குப் பின் புதிதாகப் பிரிக்கப்பட்ட அத்தகைய மனையைத் தொடவே வேண்டாம். அதைவிட முக்கியம் நீர்வழி. 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடிக் கால்வாயும் நிரம்பி, செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. நாங்கள் பார்த்த அடுக்ககத்தின் பின்புறம் ஒரு கண்மாய்க்குச் செல்லும் வரத்துக் கால்வாய் இருக்கிறது. பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் அரசின் இணையச் சேவையில் எடுத்துப் பார்த்ததில் வளாகம் கால்வாய்ப் புறம்போக்கில் இல்லை என்று தெரிந்தது. வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தது. இந்த விஷயத்தில் பில்டருக்கு முழு மதிப்பெண் தரலாம். மூலப் பத்திரங்களின் நகல்களைக் கேட்டவுடன் தயங்காமல் கொடுத்தார்கள். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவதற்கு முன்பே 20 சதவீதம் கட்டச் சொன்னார்கள். ரெரா சட்டப்படி 10 சதவீதத்துக்கு மேல் அப்படி வாங்கக் கூடாது என்று சொன்னதும் "உங்களுக்காக" இறங்கி வந்தார்கள். சட்டத்தில் உள்ளதைச் சலுகை போலக் கொடுக்கும் அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி: இரண்டு போர்வெல் இருக்கிறது, தண்ணீர் உப்பு, குடிப்பதற்குக் கேன்தான்.

இனி, வாங்குவதற்கும் வாடகைக்கும் இடையில் மதுரை வைத்திருக்கும் மூன்றாவது வழியான ஒத்தி. வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமானால், ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவது. எங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீடு நாராயணபுரத்தில் 12 லட்சத்துக்கு ஒத்திக்கு வந்தது. 12 லட்சத்தை வைப்புத்தொகையில் போட்டால் மாதம் 6,500 ரூபாய் கிடைக்கும். அதை விட்டுக்கொடுத்து 14,000 ரூபாய் வாடகையைச் சேமிப்பது இலாபம் போலத் தோன்றும். ஆனால் வீட்டுக்காரர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். 12 லட்சத்துக்காக ஆண்டுக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் வாடகையை இழக்கிறார் என்றால், அவர் 14 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று பொருள். வீட்டை வங்கியில் வைத்தால் இதைவிட மலிவாகப் பணம் கிடைக்குமே, ஏன் வாங்கவில்லை? ஏற்கெனவே வைத்திருக்கலாம், அல்லது வங்கி கொடுக்காத நிலையில் அவர் இருக்கலாம். மகள் திருமணம், கட்டட வேலை பாதியில் நிற்பது போன்ற நியாயமான காரணமும் இருக்கலாம். எதுவாயினும், மூன்றாண்டு கழித்து 12 லட்சத்தை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார் என்ற கேள்விக்கு, அடுத்து ஒத்திக்கு வருபவரிடம் வாங்கி என்பதே பெரும்பாலும் விடை.

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின்படி இது அனுபவ பாத்தியதையோடு கூடிய அடமானம். பதிவு செய்யப்பட வேண்டியது. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் நம் பெயர் ஏறும். வீட்டை விற்பவர் நம்மைத் தாண்டிப் போக முடியாது. ஆயினும் செலவுக்கு அஞ்சி முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்பவர்களே நான் அறிந்த வட்டத்தில் அதிகம். நாராயணபுரத்து வீட்டுக்காரர் பதிவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

வாடகை வீட்டிலேயே தொடர்வதில் உள்ள குறைகளை நான் மறைக்கவில்லை. சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டும். விருந்தினர் இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் மோட்டார் ஓடும் நேரம் கணக்கிடப்படும். வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பினால் காலி செய்ய வேண்டிவரும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவதையும் வலியுறுத்துகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நாங்கள் ஒரு இலட்சம் கொடுத்திருக்கிறோம். இந்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது முன்பணத்தைக் கூட்டாமல், மூன்றாண்டுக் காலத்துக்கு, ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்று எழுதிப் பதிவு செய்ய வீட்டுக்காரர் இசைந்தார். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்தை இழக்க அவருக்கும் விருப்பமில்லை. தவணைக்கென்று ஒதுக்க நினைத்த தொகையில் வாடகை போக மீதத்தை அந்த மூன்றாண்டும் தனியாகச் சேர்த்து வந்தால், 19 லட்சத்தோடு இன்னொரு 7 லட்சமாவது சேரும். மனைக்கான கிரயத் தொகையைக் கடனின்றியே கொடுத்துவிட்டு, கட்டுவதற்கு மட்டும் வங்கிக்குப் போகலாம்.

இந்த அடுக்ககம் எவருக்கும் ஏற்றதல்ல என்று சொல்லவில்லை. மாட்டுத்தாவணியிலோ உயர்நீதிமன்றக் கிளையிலோ வேளாண்மைக் கல்லூரியிலோ நிலையான வேலையில் இருந்து, பிள்ளைகளின் பள்ளியும் அந்தப் பக்கமே அமைந்து, பத்தாண்டுக்கு மேல் அங்கேயே இருக்கப்போகிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். பழைய வீட்டை விற்ற பணத்தில், கடனே இல்லாமல் வாங்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கும் பொருந்தும். லிஃப்டும் காவலாளியும் அவர்களுக்குப் பயன்படும், வட்டிக் கணக்கு அவர்களைத் தொடாது. அவர்கள் சான்றிதழ் வரும்வரை பணம் கொடுக்காமல் இருப்பதோடு, மேல்தளத்தைத் தவிர்த்து, இரண்டாம் தளத்தில் கிழக்கு பார்த்த வீட்டைக் கேட்கட்டும். மேற்குப் பக்கத்து வீடுகளின் படுக்கையறைச் சுவரில் பிற்பகல் முழுவதும் வெயில் விழுகிறது. விற்பனை அலுவலகத்திலிருந்து காலை பதினொரு மணிக்கு அழைத்துப்போய்க் காட்டும்போது அது தெரிவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் போய், சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.